பழைய பொம்மைப் பெட்டியைத் திறக்கும் முன்: சிறுவயதுச் சேகரிப்பையும் அதன் நினைவுகளையும் காப்பாற்றும் வழிமுறை

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிக் கிடந்த என் பொம்மைப் பெட்டிகள் இரண்டையும் திறந்த அன்று, நான் முதலில் செய்த காரியம் உள்ளே இருந்த சில பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவியதுதான். ஒரு துணிப் பொம்மையின் உள்ளங்காலில் ஊதா நிறத்தில் ஒரு கறை இருந்தது. நனைத்தவுடன் அது கரைந்து ஓடியதைக் கண்டு, அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்தேன். ஒரு வாரம் கழித்து அக்காவிடம் பேசியபோது, "அது கால்ல உன் பேரை எழுதி வெச்சிருந்தேனே, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். எழுதப் பழகிய புதிதில், தன் பொம்மையை எனக்குக் கொடுத்த நாளில் அவர் எழுதிய பெயர் அது. நான் அதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை, கழுவி விட்டேன்.

அதன் பிறகு எஞ்சியவற்றைத் தொடாமல் மூடி வைத்துவிட்டு, எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டு, 34 பொம்மைகளையும் எட்டு மாதங்களில் பதிவு செய்து, சுத்தப்படுத்தி, பத்திரமாக அடுக்கி முடித்தேன். உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ அப்படி ஒரு பெட்டி இருந்தால், அதன் கயிற்றை அவிழ்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான்: முதலில் பதிவு, அடுத்துப் பொருளை அடையாளம் காணுதல், அதன் பிறகே தண்ணீர்.

1. திறக்கும் நாளில் எதையும் துடைக்காதீர்கள்

ஒரு பெரிய மேசை, அதன்மேல் விரிக்க வெள்ளைத் துணி, கைப்பேசிக் கேமரா, ஒரு நோட்டு, ஒரு பென்சில், மெல்லிய நைட்ரைல் கையுறை, முகக்கவசம் ஆகியவை போதும். பருத்திக் கையுறை வேண்டாம். அதன் இழைகள் பொம்மையின் விரல்களிலும் கண்ணிமைகளிலும் சிக்கும். பூஞ்சணம் பிடித்த துணியை உதறும்போது அதன் தூள் மூச்சில் ஏறும் என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

பெட்டியைத் திறந்ததும், மேல் அடுக்கு இருந்தபடியே ஒரு படம் எடுங்கள். ஒவ்வோர் அடுக்கை எடுத்த பின்னும் மறுபடி ஒரு படம் எடுங்கள். எந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் எந்தச் சட்டையும் எந்தச் செருப்பும் கிடந்தன என்பதற்கு அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது. சுற்றி வைத்திருந்த செய்தித்தாளையும் உடனே குப்பையில் போடாதீர்கள். அதன் தேதியைப் படம் எடுத்துக்கொண்டால், பெட்டி கட்டப்பட்ட காலம் ஓரளவு தெரிந்துவிடும். எங்கள் பெட்டியைக் கட்டியது வீடு மாறும்போது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். செய்தித்தாளின் தேதியோ அதற்கு இரண்டு ஆண்டுகள் பிந்தியதாக இருந்தது.

எடுக்கும்போதே நான்கு வகைப் பொம்மைகளைத் தனியே ஒதுக்குங்கள்: பூச்சி அரித்தவை, பூஞ்சணம் பிடித்தவை, தொட்டால் பிசுபிசுப்பவை, கற்பூர வாடையோ காடி வாடையோ அமில நெடியோ வீசுபவை. இவை மற்றவற்றைக் கெடுக்கக்கூடியவை.

2. எண் கொடுங்கள்; எதிலும் ஒட்டாதீர்கள்

பொம்மை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், அதோடு சேர்ந்த உடை, செருப்பு, நகை ஆகியவற்றுக்கு அதே எண்ணோடு ஓர் எழுத்தும் கொடுங்கள். 12 என்பது பொம்மை என்றால், 12அ அதன் கவுன், 12ஆ அதன் இடது செருப்பு. எந்தப் பொம்மைக்கு உரியது என்று தெரியாத பொருளுக்குத் தனி எண்ணே கொடுங்கள். ஊகத்தில் இணைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்த ஊகம் உண்மையாகவே நிலைத்துவிடும்.

எண்ணைத் தடித்த, அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதி, வெள்ளைப் பருத்தி நூலால் மணிக்கட்டிலோ இடுப்பிலோ தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டும் வில்லை, செலோடேப், ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது. பசை மஞ்சளாகி உள்ளே இறங்கும்; ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். பேனாவால் பொம்மையின் உடலில் எழுதவே எழுதாதீர்கள், ஏனெனில் மென்மையான வினைல் பிளாஸ்டிக் மையை உறிஞ்சி உள்ளிழுத்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுக்க முடியாது.

ஒவ்வொன்றுக்கும் முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், தலையின் பின்பக்கம், பாதங்களின் அடிப்பக்கம் என ஆறு படங்களாவது வேண்டும். அதோடு, கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். நேர் ஒளியில் தெரியாத கீறல்களும், அழிந்துபோன எழுத்தின் தடமும், பல் கடித்த வடுவும் அந்தச் சாய்ந்த ஒளியில் நிழலாக எழும்பி நிற்கும். எனக்கு 34 பொம்மைகளுக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. அவசரப்பட்டால் இந்தப் படிதான் முதலில் கெடும்.

3. நினைவுகளைப் பதிவு செய்யுங்கள்: மூத்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். வினைல் இன்னும் பத்து ஆண்டு தாங்கும். அந்தப் பொம்மையின் பெயர் தெரிந்த பெரியம்மாவின் நினைவாற்றலுக்கு அப்படி உறுதி சொல்ல முடியாது. ஆகவே வயதில் மூத்தவரையே முதலில் சந்தியுங்கள். தொலைவில் இருப்பவர் என்றால் படங்களை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசுங்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. குடும்பத்தார் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பதில்கள் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதி, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறியுங்கள். ஒரு நீலக் கவுன் பொம்மையைத் தாத்தா ஊருக்குப் போய் வாங்கி வந்ததாக அம்மா சொன்னார். அண்டை வீட்டார் குடிபெயரும்போது விட்டுச்சென்றது என்று அக்கா சொன்னார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இருவரும் தங்களுக்குப் பிரியமானவரின் கையிலிருந்து அது வந்ததாக நினைவு வைத்திருக்கிறார்கள்; அந்தச் செய்தியும் பதிவில் இருக்க வேண்டும்.

"இதைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால், "பாவம், ரொம்பப் பழசு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு, குறிப்பாகக் கேளுங்கள். இதற்கு என்ன பெயர்? பெயர் வைத்தது யார்? யார் கொடுத்தது, எந்தச் சந்தர்ப்பத்தில்? இரவில் எங்கே படுக்க வைத்தீர்கள்? இது அழுமா, பேசுமா, யாரைப் போலப் பேசும்? இதை வைத்து என்ன விளையாட்டு? யார் கண்ணுக்கு இதை மறைத்து வைத்தீர்கள்? எப்போது உடைந்தது, தைத்துக் கொடுத்தது யார்? இதோடு இருந்து இப்போது காணாமல் போனது எது? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு எப்போதும் நீண்ட பதில் கிடைத்தது. இல்லாத பொருளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நினைவு தானாகவே விரியும்.

பேசும்போது அவர்களின் கையைக் கவனித்துக் குறிப்பெடுங்கள். அம்மா ஒரு கம்பளிச் சட்டைப் பொம்மையைக் கையில் வாங்கியதும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பொத்தானைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். மற்ற மூன்றும் வெள்ளை, அது மட்டும் பழுப்பு; நான்கு துளைகளில் குறுக்காக அல்லாமல் இணைகோடுகளாகத் தைத்திருந்தது. கேட்ட பிறகுதான், அது தன் தாயார் தன் சட்டையிலிருந்து அறுத்துத் தைத்துக் கொடுத்த பொத்தான் என்று சொன்னார். பொருந்தாத அந்தப் பொத்தானை மாற்ற நான் நான்கு வெள்ளைப் பொத்தான்கள் வாங்கி வைத்திருந்தேன்.

ஓர் அமர்வு அரை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதில் மூன்று அல்லது நான்கு பொம்மைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். குரலைப் பதிவு செய்ய முதலில் அனுமதி கேளுங்கள், அவர் அனுமதிப்பதும் பதிவிலேயே கேட்கட்டும். குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் "கண்டது", "கேட்டது", "ஊகம்" என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். கோப்பின் பெயரில் பொம்மை எண், பேசியவரின் உறவுமுறை, தேதி மூன்றும் இருக்கட்டும். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் அதைப் பதிவு என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இதற்குச் செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்களின் நேரத்திற்குக் காத்திருக்க வேண்டியிருப்பதால் இரண்டு மாதங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

4. ஆவணங்களையும் முத்திரைகளையும் சேருங்கள்

வாங்கிய ரசீது, மூல அட்டைப்பெட்டி, துணியில் தைத்த வில்லை, கூட வந்த சிறு கையேடு, பரிசோடு வந்த வாழ்த்து அட்டை, பொம்மை தெரியும் பழைய புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் ஆவணங்களே. புகைப்படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பொம்மை ஒரு மூலையில் மங்கலாகத் தெரிந்தாலும் அந்தப் படத்தைச் சேருங்கள். அன்று அதற்கு எந்த உடை, எவ்வளவு முடி இருந்தது என்பதை அது காட்டும்.

தயாரிப்பாளரின் முத்திரை பொதுவாகக் கழுத்தின் பின்புறம் முடிக்கு அடியில், தோள்பட்டையில், முதுகின் கீழ்ப்பகுதியில் அல்லது உள்ளங்காலில் இருக்கும். அங்கே ஓர் ஆண்டு பொறித்திருந்தால் அதுவே தயாரித்த ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான நேரங்களில் அது அச்சு வார்ப்பின் பதிப்புரிமை ஆண்டு. பார்பி பொம்மைகள் பலவற்றின் உடலில் 1966 என்று இருக்கும். அந்த உடல் அச்சைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியதால், 1980களிலும் 1990களிலும் செய்தவற்றிலும் அதே எண் உண்டு. இந்த ஒரு தவறான புரிதலால் விலை கூட்டிக் கேட்பவர்களும் கொடுப்பவர்களும் ஏராளம். நாட்டின் பெயர் சில சமயம் கூடுதல் உதவி செய்யும். எடுத்துக்காட்டாக, "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது" என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலமான 1945 முதல் 1952 வரையிலான காலத்தைக் குறிக்கும்.

5. எந்தப் பொருளால் ஆனது என்று கண்டறியுங்கள்

இனிமேல் செய்யப்போகும் எல்லாமே இதைப் பொறுத்தது. ஒரு பொம்மையிலேயே மூன்று நான்கு பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால் தலை, உடல், கைகால், முடி, கண், உடை எனத் தனித்தனியே எழுதுங்கள்.

அழுத்தினால் சற்றே அமுங்கும் தலையும் கையும் பெரும்பாலும் வினைல், அதாவது பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்த்த நெகிழ்விப்பான் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வருவதால்தான் அது பிசுபிசுக்கிறது, தூசியையும் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கசிவு பக்கத்தில் கிடக்கும் கடினப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். என் பெட்டியில் ஒரு வினைல் கை, ஒரு பாலிஸ்டைரின் தேநீர்க் கோப்பையின்மேல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததில், ஐந்து விரல்களின் தடமும் கோப்பையில் பதிந்திருந்தன.

மிக லேசாக, உள்ளே கூடாக, தட்டினால் மெல்லிய ஓசை தருவது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்தால் கற்பூர வாடை வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு என்பது செல்லுலோஸ் நைட்ரேட். அது நொடியில் தீப்பற்றி எரியும். அது சிதையும்போது வெளியேறும் அமில வாயு பக்கத்தில் உள்ள உலோகத்தையும் துணியையும் தின்றுவிடும். ஆகவே அதைக் காற்றுப் புகாத பையில் அடைக்காமல், மற்றவற்றோடும் சேர்க்காமல், அடுப்பும் வெயிலும் படாத குளிர்ச்சியான இடத்தில் தனியே வையுங்கள். காடி வாடை வந்தால் அது செல்லுலோஸ் அசிட்டேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும்; அதையும் தனியே காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

மரத்தூளையும் பசையையும் பிசைந்து வார்த்து வண்ணம் பூசிய பழைய பொம்மைகளின் முகத்தில் நுண்ணிய வெடிப்புகள் வலைபோல ஓடும். இவற்றுக்குத் தண்ணீரே பகை. மெருகிடாத பீங்கான் தலை, மெழுகுத் தலை, தோல் உடல், துணி உடல் ஆகியவற்றைப் பார்த்தே அறியலாம். உள்ளே ரப்பர் நுரை நிரப்பியிருந்தால் அது பொடிந்து மணலைப் போல உதிரும். அதை நிறுத்த வழியில்லை, உதிர்வதை மெல்லிய துணிப் பையில் பிடித்து வைக்கத்தான் முடியும்.

6. பூச்சி இருந்தால் முதலில் குளிர்

துணியும் கம்பளியும் ஆன பொம்மைகளில் ஓட்டைகளோ, முட்டைக்கூடுகளோ, மணல் போன்ற எச்சமோ தெரிந்தால், அந்துருண்டையைத் தேடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாடையும் போகாது. வீட்டு ஃப்ரீசரே போதும். பொம்மையை மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி நன்றாக மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியசில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். முன்கூட்டித் திறந்தால் காற்றின் ஈரம் பொம்மையின்மேல் பனித்து நிற்கும். பலர் சறுக்குவது இந்தக் கடைசி நாளில்தான்.

மெழுகு, வண்ணம் பூசிய மரத்தூள் வார்ப்பு, கண்ணாடிக் கண் பதித்த பீங்கான் தலை, செல்லுலாய்டு ஆகியவற்றை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

7. சுத்தம்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

எல்லாப் பொம்மைகளுக்கும் பொதுவான ஒரே முறை, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, வலைத்துணி கட்டிய குறைந்த விசைத் தூசி உறிஞ்சியின் வாய்க்கு அனுப்புவதுதான். பலவற்றுக்கு இதுவே போதுமானது.

வினைலுக்கும் கடினப் பிளாஸ்டிக்குக்கும் மட்டும், வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் சில துளி மென்சோப்பு கலந்து, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, கண்ணுக்குப் படாத இடத்தில் சோதித்த பின் சிறு சிறு பகுதியாகத் துடையுங்கள். பிறகு வெறும் நீரில் நனைத்த குச்சியால் சோப்பை எடுத்து உடனே உலர்த்துங்கள். ஆல்கஹால், நகப்பூச்சு நீக்கி, ப்ளீச் எதுவும் அருகில் வரக்கூடாது. கன்னத்தின் சிவப்பும் உதட்டு வண்ணமும் முதலில் போகும். பொம்மையை நீரில் மூழ்கடிக்கவே கூடாது. மூடித் திறக்கும் கண்களின் பின்னால் உலோகப் பாகம் இருக்கும், அழும் ஒலிப்பெட்டிக்குள் காகிதமோ அட்டையோ இருக்கும். உள்ளே புகுந்த நீர் வெளியேறாமல் துருவாகவும் பூஞ்சணமாகவும் மாறும்.

காதில் உலோகத் தோடு இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். செம்பு கலந்த உலோகம் வினைலைப் பச்சையாக்கும். பழைய பார்பி பொம்மைகளின் காதோரம் காணும் பச்சைப் படலம் அப்படி வந்ததுதான். முகப்பருக் களிம்பால் அதை வெளுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பென்சாயில் பெராக்சைடு உள்ள அந்தக் களிம்பு கறையோடு வினைலின் நிறத்தையும் வெளுத்து, வெள்ளைத் திட்டாக்கிவிடலாம். நான் பச்சையை அப்படியே விட்டுவிட்டேன்.

செயற்கை முடியை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறு பகுதியாகச் சிக்கெடுங்கள். எந்த இழை என்று தெரியாதபோது கொதிநீரோ சூடான காற்றோ வேண்டாம். சில இழைகள் சுருங்கி உருகும். ஒட்டுப்பசையால் பதித்த ஆட்டு ரோம முடிக்கு ஈரம் கூடாது. உடைகளைத் துவைக்கும் முன், ஈரமான வெள்ளைத் துணியைத் தையலின் உட்புறத்தில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் துவைக்காதீர்கள்.

முக்கியமான விதி: மூன்றாம் படியில் யாராவது ஒரு நினைவோடு தொடர்புபடுத்திய கறையையோ, கிறுக்கலையோ, கோணல் தையலையோ எடுக்காதீர்கள். எங்கள் பட்டியலில் அதற்காகவே "தொட வேண்டாம்" என்றொரு பத்தி உண்டு.

8. பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதென்றால்

உள்ளே கைகால்களை இணைக்கும் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் அதை மாற்றுவது எளிய வேலை, செலவும் குறைவு. முகத்துக்கு மறுவண்ணம், புதிய முடி, உடைந்த பீங்கானை ஒட்டுதல் ஆகியவை செலவு மிகுந்தவை. அந்தத் தொகை பெரும்பாலும் பொம்மையின் சந்தை விலையைத் தாண்டிவிடும், மறுவண்ணமோ அந்த விலையைக் குறைக்கவும் செய்யும். எனவே விலைக்காகப் பழுது பார்க்காதீர்கள். அந்தப் பொம்மை மறுபடி நிற்க வேண்டும், உட்கார வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் மட்டுமே செய்யுங்கள்.

கொடுக்கும் முன் எழுத்தில் நான்கு செய்திகள் வாங்குங்கள்: எந்தெந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, எத்தனை நாள், கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா. கடைசியானதை நான் கேட்கத் தவறினேன். ஒரு பொம்மையின் உடலைத் திறந்து பஞ்சு மாற்றித் தந்தவர், உள்ளே இருந்த பழைய துணிக் கிழிசல்களைக் குப்பையில் போட்டுவிட்டார். அவை எங்கள் வீட்டாரின் பழைய உடைகளிலிருந்து கிழித்து அடைத்தவை என்று பிற்பாடு தெரிய வந்தது. கொடுக்கும் நாளில் பொம்மையின் நிலையைப் படம் எடுத்து, அதில் ஒரு பிரதியை அவரிடமும் கொடுங்கள்.

9. பெட்டியில் வைக்கும் முறை

அமிலமற்ற அட்டைப்பெட்டியும் அமிலமற்ற மெல்லிய தாளும்தான் இந்த முழு வேலையிலும் நீங்கள் முக்கியமாகச் செலவழிக்க வேண்டிய பொருள்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் காரச் சேர்ப்பு (அமிலத்தை முறிக்கச் சேர்க்கும் காரப் பொருள்) இல்லாத தாளாகக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் கட்டுப்படி ஆகாவிட்டால், "தொட வேண்டாம்" பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் முதலில் வாங்குங்கள். மற்றவற்றுக்கு, பலமுறை துவைத்துச் சாயமும் கஞ்சியும் போன வெள்ளைப் பருத்தித் துணி நன்றாகவே உதவும். மரப்பெட்டியின் பலகை அமில ஆவியை விடுவதால், அதற்குள் நேரடியாக வைக்காதீர்கள். பி.வி.சி. உறைகள் வேண்டாம்; பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவை பாதுகாப்பானவை.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் படுக்க வையுங்கள். சிவப்பு, கறுப்பு உடைகளின் சாயம் வினைலில் ஏறும் என்பதால் உடலுக்கும் உடைக்கும் நடுவே தாளை நுழையுங்கள். பிசுபிசுக்கும் பொம்மைக்கு அடியில், பஞ்சோ துணியோ ஒட்டிக்கொள்ளும் என்பதால், கேக் சுடப் பயன்படும் சிலிக்கோன் பூசிய தாளை விரியுங்கள். கைகால் மடிப்புகளில் தாளை உருட்டி முட்டுக் கொடுங்கள்.

அறையின் ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் வளரும். எண்ணை எட்டுவதைக் காட்டிலும், ஒரே நாளில் ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். ஆகவே பரணும் தரையோடு ஒட்டிய இடமும் வெளிச்சுவரோரமும் வேண்டாம். வீட்டின் நடுப்பகுதியில் உள்ள அலமாரியின் நடுத்தட்டே சிறந்தது. சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைக்க விரும்பினால், நேர் வெயில் படாத இடத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி வையுங்கள். வெளுத்த சாயம் இருட்டில் வைத்தாலும் திரும்ப வராது.

10. யாரிடம் போக வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பொம்மையும் யாருடையது, உங்களுக்குப் பின் யாரிடம் போக வேண்டும் என்று பட்டியலிலேயே எழுதி, உரியவர்களிடம் காட்டுங்கள். சேகரிப்புக்குக் காப்பீடு எடுப்பதானால் படங்களோடு கூடிய அந்தப் பட்டியலும் ரசீதுகளும் கேட்கப்படும். எனவே அவற்றின் பிரதியை வீட்டுக்கு வெளியேயும் வையுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நினைத்தால் சுத்தப்படுத்தாமல் முதலில் படங்களையும் நினைவுக் குறிப்புகளையும் அனுப்புங்கள். பொம்மை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது, யார் வைத்து விளையாடினார் என்ற கதை உங்களிடம்தான் இருக்கிறது. பொதுவாக நிபந்தனையற்ற கொடைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். எப்போதும் காட்சியில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குரல் பதிவுகளையும் கொடுப்பதென்றால், பேசியவரின் ஒப்புதலையும் எழுத்தில் இணையுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் இரண்டு தடைகள் உண்டு. செல்லுலாய்டு தீப்பற்றும் பொருள் என்பதால் வான்வழிப் பொதியாக ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆமையோட்டுச் சீப்பு, தந்த மணி போன்ற துணைப்பொருள்கள், 1975 முதல் நடைமுறையில் உள்ள அழியும் நிலை உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும். அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம்.

குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கும் முன்னும் யோசியுங்கள். பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பழைய வினைலில், இன்று பல நாடுகள் விளையாட்டுப் பொருள்களில் கட்டுப்படுத்தியுள்ள தாலேட் வகை நெகிழ்விப்பான்கள் இருக்கக்கூடும். பொத்தான் கண்கள் கழன்று தொண்டையில் சிக்கலாம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். சற்றுப் பெரிய குழந்தையை மேசையருகே உட்கார வைத்து, நீங்கள் பிடித்துக்கொண்டு காட்டுங்கள். குரல் பதிவையும் ஒலிக்க விடுங்கள்.

11. ஆண்டுக்கு ஒரு நாள்

ஒரு தேதியைக் குறித்து, ஆண்டுதோறும் அன்று எல்லாப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். வாடை, பிசுபிசுப்பு, பூச்சித் தடம், புதிய வெடிப்பு, ஈரப்பதமானியின் எண் என ஐந்தையும் பார்த்துத் தேதியோடு எழுத வேண்டும். 34 பொம்மைகளுக்கு எனக்கு ஒரு பகல் ஆகிறது. அந்த நாளுக்கு அக்காவையும் அழைக்கிறேன். போன முறை வந்தபோது அவர், அந்தத் துணிப் பொம்மையின் உள்ளங்காலில் இருந்த பெயரைத் தான் எப்படி எழுதியிருந்தார் என்பதை, எழுத்துப் பிழையோடு அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது இப்போது 7ஈ என்ற எண்ணோடு, பொம்மைக்குப் பக்கத்தில் தனி உறையில் இருக்கிறது.